கொடியில் காயும் வேஷ்டி

"தொட்டுட்டியா? கையால தொட்டுட்டியா அதை?"

"மழை கொட்டறது, எடுக்காம என்ன பண்ண—"

"கோலால எடுக்கணும்னு எத்தனை தரம் சொல்லி—"

"கோலைத் தேடிண்டு நின்னா அத்தனையும் தெப்பமா—"

"நனையட்டுமே. திரும்பப் பிழிஞ்சு போட்டுக்கறேன். அதைக் கீழ வை."

"வைக்கறேன், வைக்கறேன். என் கை என்ன சாக்கடையிலயா ஊறிண்டிருந்தது?"

பின் பால்கனியில் ஹம்சா, சமையலறை வாசலில் அவள் கணவர் ஜம்புநாதன். நடுவில் ஒரு முழ இடம். அவள் கையில் அவருடைய வேஷ்டி, பாதி நனைந்து, பாதி சுருண்டு. தில்லியில் ஜூலை மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், யாரோ மேலிருந்து வாளியைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். அவர் நடையில் ஜபத்தில் உட்கார்ந்திருந்தார். இவள் ஓடிப்போய், நாற்காலி மேல் ஏறி, எட்டி இழுத்துவிட்டாள். அவ்வளவுதான் குற்றம்.

கீழ்வீட்டு பால்கனியிலிருந்து மஹாலட்சுமியின் குரல் வந்தது. இந்த மயூர் விஹார் அடுக்ககத்தில் எந்த வீட்டில் தாளித்தாலும் அவளுக்குத்தான் முதலில் தும்மல் வரும்.

"என்ன மாமி, மாமா சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேக்கறது?"

"ஒண்ணுமில்லை மஹாலட்சுமி. மடித்துணியைத் தொட்டுட்டேன்."

"அச்சச்சோ. மாமா ஆசாரம் தெரிஞ்சும் இப்படிப் பண்ணலாமா? எங்காத்துல ஒருத்தர் இருக்கார், ஷூவோட ஸ்வாமி உள்ளுக்கு வந்து தீப்பெட்டி எடுத்துண்டு போறார். நீங்க குடுத்துவெச்சவா மாமி."

"ஆமாம். குடுத்துத்தான் வெச்சிருக்கேன்" என்றாள் ஹம்சா.

ஜம்புநாதன் அதற்குள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார். குழாய் திறந்த சத்தம். அவள் தொட்ட துணியைப் பார்த்ததற்கே அவருக்கு ஸ்நானம் போலிருக்கிறது. எரிச்சலோடு வேஷ்டியை உதறி மடிக்கப் போனவள், உதறிய கையோடு நின்றாள்.

முன் கொசுவம் வரும் இடத்தில், தோய்த்தும் போகாத மஞ்சள் திட்டுகள். கஞ்சி போட்ட மாதிரி விறைப்பு. திட்டுகளின் நடுவே துருப்பிடித்த ஊசி வைத்து எடுத்தாற்போல் பழுப்புப் புள்ளிகள். குடும்பம் நடத்துகிறவளுக்குக் கறையின் ஜாதகம் தெரியாதா? சாம்பார் எது, சந்தனம் எது, நெய் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ரத்தம் எது என்றும் தெரியும்.

வேஷ்டியை மார்போடு அணைத்தபடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மழை விட்டுவிட்டது.

ஜம்புநாதன் மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரியாக வெளியே வந்தவர். உத்தியோக காலம் முழுக்க லோதி ரோடு குவார்ட்டர்ஸ், ஆபீசுக்கு சைக்கிள், பிறகு பஸ். அந்த நாளில் ஆசாரம் என்று ஒன்று அவரிடம் இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. கான்டீன் வடையைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு வந்து, "சாப்பிடுடி, நாயர் இன்னிக்கு நன்னாப் போட்டிருக்கான்" என்று படுக்கையிலேயே நீட்டுகிற மனிதர். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் அவர்கள் இருவருக்கும் பேச்சே ஆரம்பிக்கும். ஆபீசில் யார் யாரைக் கவிழ்த்தான், பள்ளிக்கூடத்தில் எந்தப் பையன் என்ன சொன்னான். இவள் பயாலஜி டீச்சர். "ஒம்பதாம் பாடம் வந்துடுத்தா?" என்று அவர் சீண்டுவார். மனித இனப்பெருக்கம் என்ற அந்தப் பாடம் வந்தால் ஹம்சா டீச்சர், "இதை நீங்களே ஆத்துல படிச்சுக்கோங்கோ, கேள்வி வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவுவாள். கேள்வி வருஷா வருஷம் வரும். அதைச் சொல்லிச் சொல்லி இருட்டில் சிரிப்பார்கள்.

பெண் ஜ்யோத்ஸ்னா கல்யாணமாகி குருகிராமத்துக்குப் போன பிறகும், உத்தியோகம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்த பிறகும், அந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை. நின்றது போன நவராத்திரிக்குத்தான்.

ஒருநாள் வெளியே போனவர் ஒரு பிளாஸ்டிக் குழாயோடு வந்தார். எலெக்ட்ரீஷியன் ஒயர் இழுக்கிற குழாய். அதை பால்கனிக் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். "இது என் கொடி. என் துணியை இனிமே நானே தோய்ச்சு, நானே ஒணத்திக்கறேன். நீ தொடாதே. இனிமே மடி" என்றார். துணியைத் தூக்கிப் போட ஒரு கோலும் வந்தது. விடியற்காலையில் ஒரு ஸ்நானம், சாயங்காலம் ஒன்று. படுக்கை, பூஜையறையான ஸ்வாமி உள்ளுக்குப் போயிற்று, வெறும் பாயாக. ஏகாதசிக்குத் தண்ணீர்கூட இல்லை. பிறகு ஏகாதசி இல்லாத நாளிலும் தண்ணீர் குறைந்தது. பெண் கூப்பிட்டால், "கார்ல அத்தனை தூரம் உக்காந்துண்டு வந்தா மடி என்னத்துக்கு ஆகும்?" என்று போனை இவளிடம் கொடுத்துவிடுவார்.

காலனித் தமிழர்கள் அவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மஹாலட்சுமி தன் மாமியார் திவசத்துக்கு ஆள் குறைந்தபோது, "மாமா வந்து ஒக்காந்தாலே போறும்" என்று அழைத்துப் போனாள். ஹம்சாவிடமும் எல்லோரும், "நீங்களும் அப்படியே மாறிண்டுடுங்கோ மாமி" என்றார்கள்.

அவள் மாறவில்லை. அந்தப் பெரிய கட்டிலில் சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டு, மின்விசிறியோடு பேசிக்கொண்டிருந்தாள். இந்த வயதில் எனக்கு என்ன வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். வேறெதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு குரல். 'அச்சா, அப்புறம்?' என்று கேட்க ஒரு ஆள். அது அதிகமா? பெருமாள் கூப்பிட்டுப் போனவரிடம் போய்ச் சண்டை போட முடியுமா? வேறொருத்தி கூப்பிட்டுப் போயிருந்தாலாவது தெருவில் நின்று கத்தலாம்.

இப்போது மடியில் அந்த வேஷ்டி.

குளியலறைக் கதவருகே போய் நின்றாள்.

"ஏன்னா."

"ஸ்நானம் பண்றேன்."

"தெரியறது. டெட்டால் நெடி சமையல் உள் வரைக்கும் வரதே."

"ஜலத்துல ரெண்டு சொட்டு விட்டேன். மழைக்காலம்."

"மழை இப்பத்தானே வந்தது. நெடி தை மாசத்துலேருந்து வரது."

உள்ளே மக் வாளியில் இடித்தது.

"வேஷ்டியில கறை இருக்கு."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"குங்குமமா இருக்கும்."

"அந்த எடத்துல குங்குமம் எப்படின்னா வரும்? நீங்க என்ன அங்கயா அர்ச்சனை பண்ணிண்டேள்?"

"அசிங்கமாப் பேசாதே."

"நான் பேசறது அசிங்கமா இருக்கட்டும். ரத்தம் எங்கேருந்து வரது, அதைச் சொல்லுங்கோ. மூலமா?"

"இல்லை."

"பின்ன?"

"முன்னாடி."

"முன்னாடின்னா?"

"முன்னாடின்னா முன்னாடிதாண்டி. இன்னும் என்ன சொல்லச் சொல்றே?" அவர் குரல் தாழ்ந்தது. குளியலறை ஓடுகளில் பட்டு அது வேறு யாரோ பேசுவதுபோல் வந்தது. "மூத்திரம் போற எடம். அந்த நுனித் தோல். செவந்து, வீங்கி, வெடிச்சு வெடிச்சு இருக்கு. ஆறும், திரும்ப வெடிக்கும். முன்னெல்லாம் பின்னால தள்ளிக் கழுவ முடியும். இப்போ தள்ளினா உயிர் போறது. உள்ளே என்னமோ தயிர் மாதிரி சேர்றது. நாத்தம் வேற. மூத்திரம் போனா நெருப்பு."

"அதான் தண்ணி குடிக்கறதில்லையா?"

"குடிச்சா போகணுமே."

"அதான் ஸ்வாமி உள்ளுக்குப் போனேளா?"

"ராத்திரி பூரா எழுந்து எழுந்து போனா நீ கேப்பே."

"அதான் கொடியா?"

"பின்ன என்னடி பண்ணுவேன்? நீ தோய்ச்சா பார்த்துடுவே."

"பார்த்தா?"

"என்ன நினைச்சுப்பே? கிழவன் எங்கேயோ போய் எதையோ ஒட்டிண்டு வந்துட்டான்னு—"

"எங்க போவேள் நீங்க? பால் பூத் வரைக்கும் போறதுக்கே மூட்டுல எண்ணெய் தடவிக்கணும்."

உள்ளே ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

ஹம்சா நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வந்த முதல் உணர்ச்சியை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். மனசு லேசாகிவிட்டது. மனுஷனுக்குப் புண், ரத்தம், எரிச்சல், இத்தனை மாசமாகத் தனியாகக் கிடந்து தவித்திருக்கிறார். இவளுக்கோ உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி இருக்கிறது. பெருமாள் கூப்பிடவில்லை. நான் அலுத்துப்போகவில்லை. தோல் வியாதி. ஆறினால் கொடி இறங்கிவிடும், பாய் சுருண்டுவிடும், அவர் திரும்பி வந்துவிடுவார். சீ, என்ன பெண் நான் என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"துடைச்சிண்டு வாங்கோ. நாளைக்கு டாக்டர்."

"டாக்டரா? என்னன்னு சொல்றது?"

"நான் சொல்றேன். நீங்க சும்மா வாங்கோ."

மறுநாள் ஆட்டோவில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தார். "பையா, தீரே" என்று ஓட்டுநரை மெதுவாகப் போகும்படி அவள்தான் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கிளினிக்கில் கூட்டம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஊருக்கே கேட்கும்படி, "க்யா தக்லீஃப் ஹை, அங்கிள்?" என்று என்ன உபத்திரவம் என்பதை விசாரித்தாள்.

"ஜெனரல்" என்றார் ஜம்புநாதன்.

"ஜெனரல் டாக்டர் அந்தப் பக்கம். இங்க சிறுநீர் சம்பந்தமானதுதான்."

"அது சம்பந்தமான ஜெனரல்."

"பேஷாப் கி தக்லீஃப்" என்று மூத்திர உபத்திரவத்தை ஹம்சா தெளிவாகவே சொன்னாள். வரிசையில் இருந்த சர்தார்ஜி ஒருவர் தலையை ஆட்டினார். அவருக்கும் அதுதான் போலிருக்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை.

டாக்டர் பிரதீப் வாலிபர். லக்னோ பக்கத்து இந்தி, பாதி ஆங்கிலம். ஜம்புநாதனைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஹம்சா திரைக்கு இந்தப்பக்கம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்க ஒன்றுமில்லை. கேட்கத்தான்.

"எத்தனை நாளா இப்படி, அங்கிள்?"

"கொஞ்ச நாளா."

"பத்து மாசமா" என்றாள் ஹம்சா திரையைப் பார்த்து.

"தேங்க் யூ, ஆன்டி. சக்கரை வியாதி இருக்கா? எத்தனை வருஷமா? அச்சா. மாத்திரை ஏதாவது மாத்தினாங்களா? போன வருஷம் புதுசா ஒண்ணு. சரி. அது சக்கரையை மூத்திரத்துல எறக்கிவிடற மாத்திரை. நல்ல மாத்திரைதான். ஆனா மூத்திரம் இனிச்சா காளானுக்குக் கொண்டாட்டம். எரிஞ்சா வந்து சொல்லுங்கன்னு டாக்டர் சொன்னாரா?"

"சொன்னார்."

"எரிஞ்சப்போ சொன்னீங்களா?"

"லேடி டாக்டர்" என்றார் ஜம்புநாதன்.

கையுறை இழுபட்ட சத்தம். பிறகு, "அம்மா" என்று ஒரு முனகல். ஹம்சா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"முடிஞ்சது, முடிஞ்சது. இழுக்கமாட்டேன், பயப்படாதீங்க. எதை வெச்சுக் கழுவறீங்க?"

"சோப்பு. அப்புறம் டெட்டால்."

"தண்ணி கலந்தா?"

"முதல்ல கலந்துதான்."

"இப்போ?"

"இப்போ அப்படியே."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"ஸ்நானம் பண்ணும்போதெல்லாம். சுத்தமா இருக்கணுமே."

டாக்டர் பெருமூச்சு விட்டது திரைக்கு இப்பால் கேட்டது. "அங்கிள், அதைக் கண்ணுல விட்டுப்பீங்களா? மாட்டீங்க இல்லையா? இந்தத் தோலும் அந்தமாதிரிதான். உங்களுக்குச் சுத்தம் கம்மியாப் போய் வந்த வியாதி இல்லை இது. சக்கரைல ஆரம்பிச்சுது, சுத்தம் ஜாஸ்தியாகி முத்திடுச்சு."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். சோப்பு வேண்டாம், டெட்டால் கூடவே கூடாது. வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், தினம் ஒருமுறை. தோல் எவ்வளவு தானாகப் பின்னால் போகிறதோ அவ்வளவு போதும், பலவந்தம் வேண்டாம். மெத்தென்ற துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு இந்தக் களிம்பு. "முக்கியமா ஒண்ணு. பின்னால தள்ளின தோலைத் திரும்ப முன்னால கொண்டுவந்துடணும். மறந்து அப்படியே விட்டா இறுகி வீங்கிக்கும், திரும்பாது. அப்படி ஆனா பொழுது விடியட்டும்னு காத்திருக்காதீங்க, எமர்ஜென்சிக்கு ஓடி வாங்க. தண்ணி நிறையக் குடிங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அந்த டாக்டருக்கு நான் எழுதித் தரேன், மாத்திடுவாங்க."

"ஆறிடுமா?" என்றாள் ஹம்சா.

"ஆறும். ஆறியும் இறுக்கம் போகலைன்னா ஒரு சின்ன ஆபரேஷன். அந்தத் தோலை எடுத்துடறது."

ஜம்புநாதன் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார். "அது... அது வேற மதத்துல பண்றதில்லையா?"

"எங்கப்பாவுக்குப் போன வருஷம் பண்ணினேன். தினம் ஹனுமான் கோவிலுக்குப் போயிட்டுத்தான் இருக்கார்."

"இல்லை, எங்கம்மா திதி வரது. அங்கஹீனம் ஆனவன் சிராத்தம் பண்ணலாமா, கூடாதான்னு ஒரு..."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரை உண்மையாகவே யோசனையோடு பார்த்தார். "அது என் சப்ஜெக்ட் இல்லை அங்கிள். பண்டிட்ஜியைத்தான் கேக்கணும்."

"எப்படிக் கேக்கறது?"

அதற்கு டாக்டரிடம் மருந்தில்லை. அவர் ஹம்சாவின் பக்கம் திரும்பினார். "ஆன்டி, உங்களுக்கு அரிப்பு, எரிச்சல் ஏதாவது உண்டா? இது சில சமயம் மனைவிக்கும் ஒட்டும். அதனால எல்லார்கிட்டயும் கேக்கறது."

"எனக்கு ஒண்ணுமில்லை."

"நிச்சயமா?"

"நாங்க வேற வேற ரூம்" என்றாள். இந்தியில் சொன்னதால் சுலபமாக வந்துவிட்டது. தமிழில் வந்திருக்காது.

டாக்டர் எழுதிக்கொண்டார். ஜம்புநாதன் ஜன்னலுக்கு வெளியே போகும் மெட்ரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை ஹம்சா ஒரு பண்டிகையைப்போல் நடத்தினாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் வரகும் தினையும் வாங்கி வந்தாள். வெள்ளைச் சாதத்துக்கு வீட்டில் ஊரடங்கு. தன் பழைய மல் புடவை ஒன்றைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஒற்றி எடுக்கத் துண்டுகளாக்கிக் கொடுத்தாள். அவள் புடவையின் துண்டை அவர் தொட்டு வாங்கிக்கொண்டார். அவள் அதைக் கவனித்தாள். கொடி மேலேயே இருந்தது. இருக்கட்டும், புண் ஆறட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் குளியலறைக் கதவு சாத்தியிருக்கும். ஆனால் இப்போது அதன் வழியே பேச்சு வந்தது.

"ஹம்சா."

"இருக்கேன்."

"எரிச்சல் கம்மி."

"தண்ணி சுடலையே?"

"இல்லை. கையில விட்டுப் பார்த்துட்டுத்தான்."

"முன்னால கொண்டுவந்துட்டேளா?"

"வந்துட்டேண்டி. தினம் கேக்கணுமா?"

"டாக்டர் சொன்னாரே. ஒம்பதாம் பாடம். இந்தத் தடவை கேள்வி வரும்."

கதவுக்குப் பின்னால் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் எத்தனையோ மாசமாகக் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து வாசலிலேயே போட்டுக்கொண்டாள். பழைய கதையெல்லாம் வந்தது. கான்டீன் நாயர், சைக்கிளைப் பறிகொடுத்த ஹெட் கிளார்க், ஜ்யோத்ஸ்னா பிறந்த அன்று பெய்த ஆலங்கட்டி மழை. கதவின் மரத்தோடு பேசினாலும், அந்தப் பக்கத்திலிருந்து "அச்சா, அப்புறம்?" என்று வந்தது. மின்விசிறிக்கு இது எவ்வளவோ தேவலை.

இதற்கிடையில் மஹாலட்சுமி ஒருநாள் மேலே வந்து, "மாமி, மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன். எங்க பிள்ளை ப்ரணவுக்குப் பூணல் போடறோம். மாமா மாதிரி ஒருத்தர் ஆசீர்வாதம் பண்ணினா, அந்த மடி கொஞ்சம் அவனுக்கும் ஒட்டும்" என்றாள்.

ஹம்சாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். "சொல்றேன்" என்றாள்.

அதை அவரிடம் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. "என்னிக்கு முகூர்த்தம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வேஷ்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். நாலு பேர் நிமிர்ந்து பார்க்கிற ஆளுடைய குரல் அது. ஆபீசை விட்ட பிறகு அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

மறுபடி டாக்டரிடம் போனார்கள். திரைக்குப் பின்னால் இந்த முறை முனகல் இல்லை.

"பஹுத் அச்சா. தோல் நல்லா வந்துடுச்சு. இறுக்கமும் விட்டிருக்கு. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், அங்கிள். சக்கரையைப் பிடிச்சு வெச்சுக்குங்க, கழுவறதை இதேமாதிரி வெச்சுக்குங்க. திரும்ப வெடிச்சா ஒளிக்காம வந்துடணும்."

"வந்துடறேன்" என்றார் ஜம்புநாதன். எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நேராக உட்கார்ந்திருந்தார். பள்ளங்களுக்குப் பல்லைக் கடிக்கவில்லை. யமுனைப் பாலத்தில் காற்று அடித்தது. "அப்பாடா" என்று ஒருமுறை சொன்னார். ஹம்சா தன் கையை இருக்கையில் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். சாலை திரும்பும்போது இரண்டும் லேசாக உரசின. அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவில்லைதான் என்று வீடு வரும்வரை அவள் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஸ்நானத்துக்குப் போனார். வெளியே போய்விட்டு வந்தால் அது உண்டுதானே. அவள் படுக்கையறைக்குள் போனாள். பெரிய கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து அவருடைய தலையணையை எடுத்தாள். நாப்தலின் வாசனை. தட்டித் தட்டி உப்ப வைத்து, வாசல் பக்கத்தில் வைத்தாள். அது அவருடைய பக்கம். தன்னுடையதைச் சுவரோரம் கொஞ்சம் தள்ளினாள். பிறகு ஸ்வாமி உள்ளுக்குப் போய், மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்துக்கொண்டு பின் பால்கனிக்கு வந்தாள், உதறிக் கட்டி மேலே போட்டுவிடலாமென்று.

அவர் அங்கே நின்றிருந்தார். இடுப்பில் ஈரத்துண்டு. பிழிந்த வேஷ்டியைக் கோலின் நுனியில் மாட்டி, தலையை அண்ணாந்து, உயரத்தில் தொங்கும் அந்தக் குழாய்மேல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் போட்டு, கோலால் இழுத்து, கரையோடு கரை சேர்த்து நிதானமாகச் செய்தார். முன்பெல்லாம் திருட்டுத்தனமாக அவசர அவசரமாகப் போடுவார். இன்று வேஷ்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புள்ளி கிடையாது. மாலை வெயில் அதில் பட்டுக் கண் கூசியது.

கீழே மஹாலட்சுமி யாரிடமோ, "மேல பாரு, மாமா மடி ஒணத்தறார். அதான், தள்ளி நின்னுக்கோ, சொட்டறது" என்று சொல்வது கேட்டது.

ஹம்சா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"தள்ளி நில்லு" என்றார் அவர், திரும்பாமலே. கோபமில்லை. மின்சாரம் போய்விட்டது என்று சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். "மேல பட்டுடப் போறது. அந்தப் பாயை ஏன் எடுத்தே? ராத்திரிக்கு வேணும், உள்ளயே வெச்சுடு."

அவள் பாயை மார்போடு பிடித்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தாள். ஈர முதுகில் பூணூல் ஒட்டிக்கொண்டிருந்தது. வேஷ்டியின் நுனியிலிருந்து இருவருக்கும் நடுவே தண்ணீர் சொட்டியது.

"ஏன்னா, புண்ணுதான் ஆறிடுத்தே. இன்னும் எதுக்கு மடி?"